அரக்கு வைக்கும் நேரம்

முத்திரை என் இடது கைக்குள் இருக்கிறது. வலது கையால் ஆய்வக மேசையின் இழுப்பறையைத் திறந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பித்தளை சூடேறிவிட்டது, வியர்வையில் வழுக்குகிறது, இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். இழுப்பறையில் உடைந்த சோதனைக்குழாய், காய்ந்துபோன பசை, போன வருஷத்து லிட்மஸ் தாள், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன ஹேர்பின். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன், ஹேர்பின்னைக் கூட. எனக்குப் பின்னால் அற்புதராஜ் சார் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறார். “அரக்கு வீணாப் போகுது மேடம். கிடைச்சதும் கொளுத்திக்கலாம்.” புகை வாசனை வருகிறது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருக்கிறார், காலையிலிருந்து ஒரு குழந்தையையும் அதட்டவில்லை, பீக்கரை உடைத்த பையனிடம் கூட கையில் பட்டதா என்றுதான் கேட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இது சுலபமாக இருந்திருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. எல்லோரும் செய்தாயிற்று, எல்லோருடைய மதிப்பெண்ணும் எழுதியாயிற்று, கவர் ஒட்டியாயிற்று. மூலையில் அரக்கை உருக்கி ஊற்றிப் பள்ளி முத்திரையைப் பதித்தால் முடிந்தது, அதற்குப் பிறகு அதை யாரும் திறக்க முடியாது. உள்ளே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் ஒட்டிய கவரைப் பிரித்து எழுதலாம், பசை இன்னும் ஈரம்தான், ஆனால் அரக்கு வைத்த கவரில் எழுதாத இடத்துக்கு ஒரே அர்த்தம்தான். யுவஸ்ரீ வரவில்லை. செய்முறைக்கு வராதவள் அறிவியலில் தேற முடியாது, அறிவியலில் தேறாதவள் பத்தாவது தேற முடியாது, அதற்கப்புறம் ஒரு பெண் எங்கே போவாள் என்பது இந்தப் பள்ளியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், துணிக்கடையில் நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள், தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும்போது நம்மைப் பார்த்து மிஸ் என்று சிரிப்பாள்.

காலையில் அற்புதராஜ் சார் சொன்னார். நானாகக் கேட்கவில்லை, கேட்பேன் என்று தெரிந்து அவரே சொன்னார். “ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன் மேடம், ஆள் இல்லாம மார்க் போட்டேன்னு. ரிட்டயர்மென்ட் கிட்டத்துல இருக்கு. ஆள் வந்து நிக்கணும். வந்து நின்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன்.” வந்து நின்றால் போதும். அவ்வளவுதான் கேட்கிறார். நான் தலையாட்டினேன், வந்துவிடுவாள் சார், பஸ் லேட்டாகியிருக்கும் என்றேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்துப் பிரியாணி வாங்கிவரச் சொல்லியிருந்தேன், தேர்வாளர் வந்தால் பிரியாணி வாங்குவது வழக்கம், பிரியாணி என்றால் சாப்பிட, கை கழுவ, பேச, பல் குத்த என்று நேரம் இழுக்கும். அவர் பையிலிருந்து சின்ன டப்பாவில் தயிர்சாதம் எடுத்தார். பிரஷர் மேடம், உப்பு கூடாது. நான்கு வாயில் முடித்துவிட்டார். பிரியாணியை வகுப்புப் பிள்ளைகள் தின்றார்கள். இப்போது டீ வாங்கி வைத்திருக்கிறேன், டீயும் குடித்துவிட்டால் என்னிடம் இந்தத் தேடலைத் தவிர வேறொன்றும் இல்லை. கவரை அவர் மாவட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அது மூடுவதற்குள். நான் இழுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவருடைய நிமிஷம். அடுத்த இழுப்பறை. இதில் துருப்பிடித்த இடுக்கிகள். ஜன்னல் வெயில் தராசைத் தாண்டி அலமாரிக்குப் போய்விட்டது. தொலைபேசியை எடுத்து மறுபடி யுவஸ்ரீயின் அம்மா நம்பருக்கு அடிக்கிறேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அணைத்துத்தான் இருக்கும், அந்த அம்மா ஏதோ பெரிய கம்பெனியில் தரை துடைக்கிறாள், உள்ளே போகும்போது வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், பெற்ற பிள்ளை செத்தாலும் சாயங்காலம்தான் தெரியும் மேடம் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது. செத்தாலும் என்று ஏன் சொன்னாள். பஸ்ஸின் படிக்கட்டு, தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், வேண்டாம். பஸ் லேட், அவ்வளவுதான். பஸ் லேட்.

ரெண்டு மாசம்தானே என்றேன். நான்தான் சொன்னேன். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆற்றங்கரையில்தான் அவர்கள் வீடு இருந்தது, வீடு என்றால் வரிசை வரிசையாக, பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்துதான் வந்தார்கள், மணியடித்த பிறகு கிளம்பினாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வின்போது வீடுகளை இடிக்க மஞ்சள் இயந்திரங்கள் வந்தன. கணக்குப் பரீட்சை. வகுப்பில் நான்தான் மேற்பார்வை. சத்தம் கேட்டது, முதலில் ஒன்று, அப்புறம் தொடர்ந்து, பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள், நான் ஜன்னலைச் சாத்தினேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. சாத்திவிட்டு, எழுதுங்க, எழுதுங்க என்றேன். யுவஸ்ரீ எழுதினாள். விடைத்தாளைக் கொடுக்கும்போது, மிஸ் எங்க வீடு ஏழாவது லைன், இப்ப அஞ்சாவதுல இருக்காங்க, நான் போலாமா என்றாள், பாத்ரூம் போகக் கேட்கிற மாதிரி. அடுத்த வாரத்தில் எல்லோரையும் லாரியில் ஏற்றி நகரத்துக்குத் தெற்கே சதுப்பு நிலத்தைத் தாண்டி அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் வாங்காமலேயே போனார்கள். பத்தாம் வகுப்பில் பெஞ்சுகள் காலியாயின, நான் முன் பெஞ்சுக்கு எல்லோரையும் நகர்த்தி உட்கார வைத்தேன், காலியாக இருப்பது பின்னால் இருக்கட்டும் என்று. யுவஸ்ரீயும் அம்மாவும் டி.சி. கேட்டு வந்தபோது ஆபீஸ் வாசலில் அவர்களை மடக்கினேன். அங்கே புதுப் பள்ளி, புது வாத்தியார், யாருக்கு உன்னைத் தெரியும், பத்தாவது நடுவில் மாறக் கூடாது, ரெண்டு மாசம்தானே, வந்துட்டுப் போ. அம்மா அவளைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள். சரி மிஸ் என்றாள். அவள் அன்றைக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தால் இன்று அந்தப் பக்கத்துப் பள்ளியில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், யாரோ ஒரு டீச்சர் முன்னால் நின்று செய்முறை செய்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்பாள். நான் எதற்காக அவளை நிறுத்தினேன். அவளுக்காகத்தான். அவளுக்காகத்தானா. காப்பர் சல்ஃபேட்டைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகும், தண்ணீர் விட்டால் திரும்ப நீலமாகும், வருஷா வருஷம் செய்துகாட்டுகிறேன், வருஷா வருஷம் பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள், அவள் மட்டும் கேட்டாள்: “போன தண்ணி வேற, இப்ப ஊத்தின தண்ணி வேறதானே மிஸ்? அப்ப இது பழைய உப்பா, புது உப்பா?” வகுப்பில் ஒருத்தி இப்படிக் கேட்டால் அந்த வருஷம் முழுக்க நன்றாகப் பாடம் நடத்த வருகிறது. அதற்காக நிறுத்தினேனோ.

“என்ன வசுமதி, இன்னுமா?” தலைமையாசிரியை வாசலில் நிற்கிறார். நான் குனிந்தபடியே இடது கையை என் கைப்பைக்குள் விட்டு முத்திரையைக் கைக்குட்டைக்கு அடியில் நழுவ விடுகிறேன், டங்கென்று சாவியில் பட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்டதா, எல்லோருக்கும் கேட்டதா. “சீலைக் காணோம் மேடம்.” “காணோமா? காலைல உங்க கையிலதானே குடுத்தேன்?” “இங்கதான் வெச்சேன் மேடம். பிள்ளைங்க எங்கயாவது…” பிள்ளைகள் மேல் பழி போடுகிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது. “பித்தளைச் சாமானு, தூக்கினு போய் எடைக்குப் போட்டிருக்குங்க. இதுங்களப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? சார், இந்த ஏரியாவுல நாங்க படற பாடு இருக்கே.” அற்புதராஜ் சார் சிரிக்கவில்லை. “எல்லா ஏரியாவும் ஏரியாதான் மேடம்” என்கிறார். தலைமையாசிரியை அதைக் கவனிக்கவில்லை. “யாராவது பாக்கியா?” “ஒரு பொண்ணு மேடம். யுவஸ்ரீ.” “ஆத்தங்கரைக் கேஸா? போனதுங்க போகட்டும்னு அப்பவே சொன்னேன் வசுமதி. டி.சி. குடுத்துட்டிருந்தா இப்ப நமக்கு ஒரு ஃபெயிலு கம்மி.” கொடூரமாகச் சொல்லவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, அதன் சத்தத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்கிறார். மேலிடத்தில் சதவீதம் கேட்பார்கள், அவர்தான் போய் நிற்க வேண்டும், நிற்கிறவருக்குத்தான் கால் வலிக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருக்கிறது, அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று. நல்லவேளை போய்விட்டார், போகிறபோது பீரோவில் பழைய முத்திரை இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய முத்திரை. அப்படி ஒன்று இருக்கிறதா. கைப்பிடி உடைந்தது ஒன்று இருந்தது. இருந்தால் என்னுடைய தேடல் முடிந்தது. கீழே கேட்டருகே ஹாஜிராவை நிறுத்தியிருக்கிறேன், யுவஸ்ரீயின் தோழி, தன் பரீட்சையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறேன். “வரலியா?” “மூணு பஸ்ஸு போச்சு மிஸ். ஒண்ணுல கூட எறங்கல.” “போன் பண்ணினாளா?” “அவகிட்ட ஏது மிஸ் போனு.” அப்புறம் தானாகவே கத்துகிறாள், “வந்துருவா மிஸ். நேத்து சொல்லிச்சு, லென்ஸ் வந்தா ஜாலின்னு.” லென்ஸ் வந்தால் ஜாலி. சீட்டுக் குலுக்கிப் போடுவோம், எந்தச் சோதனை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும், நேற்று மாலை வரை அவள் வருகிற எண்ணத்தில் இருந்திருக்கிறாள், அப்படியானால் இரவுக்கும் காலைக்கும் நடுவில் என்ன நடந்தது. அப்பா குடித்துவிட்டு வந்தாரா. லிஃப்ட் வேலை செய்யாத அந்தக் கட்டடத்தில் ஏதாவது. மாமன் ஒருவன் இருக்கிறானாம், கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம், படிப்பு முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போடுகிறாளாம், படிப்பு முடியட்டும் என்றால் எது முடிய. என் மகள் இந்நேரம் பள்ளி வேனில் வீட்டுக்கு வந்து இறங்கியிருப்பாள். வேன் தெருமுனைக்கு வந்தால் டிரைவர் போன் செய்வார். தனியார் பள்ளி. நான் பாடம் நடத்துகிற பள்ளியில் என் மகளைச் சேர்க்கவில்லை, சக ஆசிரியர்கள் யாரும் சேர்க்கவில்லை, அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை.

“டீ ஆறுது, எடுங்க மேடம்.” வலது கை முழுக்கத் தூசி. இடது கையை நீட்டி டம்ளரை வாங்குகிறேன். வாங்கும்போது அவர் பார்வை என் உள்ளங்கையில் நிற்கிறது. நானும் பார்க்கிறேன். சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் எழுத்துகள். முத்திரையில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும், பதிந்தால்தான் நேராகும், என் உள்ளங்கையில் எங்கள் பள்ளியின் பெயர் நேராக, படிக்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல் பதிந்திருக்கிறது. உள்ளங்கையை டம்ளரோடு மூடிக்கொள்கிறேன். சூடு. வைக்க முடியவில்லை. இப்போது சொல்வார். மெமோ வாங்கியவர், பென்ஷனுக்குக் காத்திருக்கிறவர், அலுவலகம் மூடிவிடும், என்ன விளையாட்டு மேடம் இது என்பார், கேட்பதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு, பள்ளிக்கல்வித் துறையில் இருபது வருஷம் வேலை செய்தவள் பித்தளைத் துண்டைத் திருடியவள் மாதிரி நிற்கிறேன். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் குடிக்கிறார். “அந்தக் கடைசி அலமாரி பாத்தீங்களா?” என்கிறார். “இல்ல சார்.” “பாருங்க. நிதானமாத் தேடுங்க. அவசரத்துல தேடினா எதுவும் கிடைக்காது.” ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். நான் கடைசி அலமாரிக்குப் போகிறேன். உண்மையாகவே தேடத் தொடங்குகிறேன், எலும்புக்கூட்டு மாதிரி, கண்ணாடிக் குடுவைகள், ஃபார்மலினில் மூழ்கிய ஏதோ ஒன்று, ஒவ்வொன்றையும் தூக்கி அடியில் பார்க்கிறேன், என் பையில் இருப்பது மறந்துபோனவள் மாதிரி. அவர் சொல்கிறார், என்னிடமா ஜன்னலிடமா தெரியவில்லை, “அலுவலகத்துல ஒரு பியூன் இருக்காரு. போன் பண்ணினா கொஞ்சம் திறந்து வெச்சிருப்பாரு. கொஞ்சந்தான்.” கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. படியில் செருப்புச் சத்தம். தலைமையாசிரியை. பழைய முத்திரை கிடைத்துவிட்டது. அந்தச் சத்தம் ஒரே சீராக ஏறிவருகிறது, நான் குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இல்லை, இது ஓடிவருகிற சத்தம், ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. கீழேயிருந்து ஹாஜிரா தொண்டை கிழியக் கத்துகிறாள், “மிஸ், வந்துட்டா மிஸ், மேல வரா!”

வாசலில் யுவஸ்ரீ. அறுந்த செருப்பு கையில். முகமெல்லாம் வியர்வை, ரிப்பன் ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது. பேச மூச்சு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அற்புதராஜ் சார் கேட்கிறார், “பேரு?” “யுவஸ்ரீ சார்.” “தண்ணி குடி. குடிச்சுட்டு ஒரு சீட்டு எடு.” எங்கே போனாய், ஏன் லேட், ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொல்கிறாள், என்னைப் பார்த்து, வேகமாக, “காலைலயே கிளம்பிட்டேன் மிஸ். பஸ்ஸு நடுவுல நின்னுடுச்சு, அடுத்த பஸ்ஸுல ஏத்தல, ஃப்ரீ பஸ்ஸுன்னா நிறுத்தாம போறாங்க மிஸ், பாதி தூரம் நடந்து…” “சீட்டு” என்கிறார் அவர். எடுக்கிறாள். குவிலென்சின் குவியத் தொலைவு. சிரிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. லென்சைத் தாங்கியில் பொருத்துகிறாள், வியர்த்த விரலில் வழுக்குகிறது, விழுந்துவிடும், விழவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், உதவக் கூடாது. ஜன்னலருகே கொண்டுபோய் வைத்துப் பின்னால் வெள்ளைத் திரையை நகர்த்துகிறாள், முன்னும் பின்னும். தூரத்துப் பொருள் ஒன்றின் பிம்பம் தெளிவாக விழ வேண்டும். ஜன்னலுக்கு நேரே ஆற்றங்கரை, தகரவேலி போட்ட வெட்டவெளி, ஏழாவது வரிசை இருந்த இடம். அவள் அதைத்தான் பிடிப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவள் தாங்கியை இடப்பக்கம் திருப்புகிறாள். திரையில் பறக்கும் ரயில் நிலையம் தலைகீழாக விழுகிறது, தூண்கள் மேலே, கூரை கீழே, கூர்மையாக. அளவுகோலை வைத்து அளக்கிறாள். “நேரா இருக்கறத விட்டுட்டு அதை ஏம்மா எடுத்த?” என்கிறார் தேர்வாளர். “நேரா வெறும் மண்ணுதான் சார். ஓரம் தெளிவா விழாது. ஸ்டேஷன்னா கரெக்டா தெரியும்.” அவர் தலையாட்டிவிட்டு மெதுவாகக் கவரின் ஈரப்பசையைப் பிரித்துத் தாளை வெளியே எடுக்கிறார். எழுதுகிறார். அவள் கையெழுத்துப் போடுகிறாள். திரும்ப ஒட்டுகிறார், மெழுகுவர்த்தியைக் கொளுத்துகிறார். “மேடம், கிடைச்சுதா?” “கிடைச்சுது சார்.” “எங்க இருந்துச்சு?” “இங்கதான் சார்.” “அப்படித்தான் இருக்கும்” என்கிறார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அரக்கு சொட்டுகிறது. பதித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, அந்த வயதில் அவர் படிகளில் இரண்டிரண்டாக இறங்குகிற சத்தம் கேட்கிறது.

முடிந்தது. ஸ்டூலில் உட்கார்கிறேன். ஹாஜிரா மேலே வந்து அவளைக் கட்டிக்கொண்டு, “லூசு, எங்கடி போய்த் தொலஞ்ச, மிஸ் அழுதுட்டாங்க தெரியுமா” என்கிறாள். நான் அழவில்லை. யுவஸ்ரீ தன் செருப்பின் வாருக்கு திறந்து கிடந்த இழுப்பறையிலிருந்த ஹேர்பின்னைக் குத்திப் பார்க்கிறாள், பிடித்துக்கொண்டது. “மிஸ்” என்கிறாள் குனிந்தபடியே, “பப்ளிக் பரீட்சைக்கும் இதே மாதிரி வரணும்ல?” “ஆமா.” “லேட்டா வந்தா உள்ள விடுவாங்களா மிஸ்?” விட மாட்டார்கள். அது வேறு பள்ளியில், வேறு மனிதர்கள், கேட்டைப் பூட்டுவார்கள், அங்கே முத்திரையை யாரும் தொலைக்கப் போவதில்லை. ஒரு நாள் இல்லை, ஐந்து பரீட்சை. “முந்தின நாளே வந்துடு” என்றேன், யோசிக்கவில்லை. “எங்க மிஸ்?” “என் வீட்டுக்கு. அயனாவரம்.” ஹால்தான் இருக்கிறது, மாமியார் கட்டில் ஹாலில்தான், ராத்திரி முழுக்க இருமுவார், என் மகளுக்கு யாராவது தன் மேசையைத் தொட்டாலே பிடிக்காது, வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அம்மா விடாது மிஸ். அடுத்தவங்க வீட்ல படுக்க விடாது.” “நான் வந்து கேக்கறேன்.” “அங்கயா?” “அங்கதான்.” அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எந்த பஸ்ஸுன்னு தெரியுமா மிஸ்?” எனக்குத் தெரியவில்லை. ரெண்டு மாசம்தானே என்று சொன்ன நாளிலிருந்து ஒருமுறை கூட நான் அதைக் கேட்டதில்லை. “தெரியாது. இப்ப நீ போறப்ப நானும் வரேன்” என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டேன், அலமாரியைப் பூட்டினேனா தெரியவில்லை. ரோட்டில் வெயில் இறங்கியிருந்தது. நிறுத்தத்தில் கூட்டம், நான் நிழற்குடைக்குள் போய் நின்றேன். “அங்க நிக்காதீங்க மிஸ், இங்க நிறுத்த மாட்டான்” என்றாள் யுவஸ்ரீ, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பஸ் வந்தது, படிக்கட்டு வரை ஆட்கள், நிறுத்தத்தைத் தாண்டி வேகம் குறையாமல் போனது. “ஓடி வாங்க மிஸ், சிக்னல்ல பிடிச்சுடலாம்” என்று அவள் ஓடினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன்.